நடுவர் மீது கை வைத்தால் எத்தனை ஆட்டம்? நான்கைந்து வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்

ஸ்பெயின் நடுவர் ரிக்கார்டோ தே புர்கோஸ் பெங்கோய்ச்சேயாவுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் ஏதோ ஒரு ராசி. 2017 ஆகஸ்டில் ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டம், பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானம். கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்பினார். ரொனால்டோ அவர் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பலமாக இல்லை, ஆனால் தள்ளினார். 2025 ஏப்ரலில் செவியாவில் ஸ்பெயின் நாட்டுக் கோப்பையான கோபா தெல் ரேயின் இறுதி ஆட்டம். அதற்கும் இவர்தான் நடுவர். ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்றி எடுக்கப்பட்டு பெஞ்சில் இருந்த ரியல் மாட்ரிட்டின் ஆன்டோனியோ ரூடிகர் இவரை நோக்கி ஏதோ ஒரு பொருளை விட்டெறிந்தார். அது இவர் மேல் படவில்லை.

தள்ளிய ரொனால்டோவுக்கு 4 ஆட்டத் தடை. இரண்டு மஞ்சளுக்கான 1 ஆட்டம் தனி. படாமல் எறிந்த ரூடிகருக்கு 6. தீர்ப்பு சொன்னது ஒரே நாட்டுக் கூட்டமைப்பு. இரண்டு செயலுக்கும் விதிப்புத்தகம் கொடுத்த அளவும் ஒன்றுதான்: 4 முதல் 12 ஆட்டம் வரை.

இதில் எது நியாயம், எது அநியாயம் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு பக்கம் சண்டை போடலாம், போட்டார்கள். எனக்கு வேறொரு கேள்வி. ஒரு கால்பந்துக் கூட்டமைப்பு புதிதாக ஒழுங்கு விதி எழுத உட்கார்ந்தால், நடுவரிடம் தவறாக நடக்கும் வீரருக்குத் தடையை எந்த முறையில் தீர்மானிப்பது? உலகத்தில் இப்போது நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கைந்துதான். ஒவ்வொன்றும் எங்கே தாங்குகிறது, எங்கே உடைகிறது என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம்.

குழுவே பார்த்துச் சொல்லட்டும்: இங்கிலாந்து வழி

இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டத்தில் வன்முறைக்காகச் சிவப்பு அட்டை வாங்கினால் 3 ஆட்டம் தானாகவே போய்விடும். அது போதாது என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமான எஃப்ஏ நினைத்தால் தனிக் குழுவிடம் போகும். அதற்கு மேல் எவ்வளவு என்பது குழுவின் கையில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1998 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஷெஃபீல்டு வென்ஸ்டே வீரர் பாவ்லோ டி கானியோ, சிவப்பு அட்டை காட்டிய நடுவர் பால் ஆல்காக்கின் மார்பில் இரண்டு கையும் வைத்துத் தள்ளினார். தானாக வரும் 3, அதற்கு மேல் 8, மொத்தம் 11 ஆட்டம், 10,000 பவுண்ட் அபராதம். 2005 பிப்ரவரியில் சௌத்தாம்ப்டனின் டேவிட் ப்ரட்டன், நடுவர் ஆலன் வைலியைத் தள்ளினார். 10 ஆட்டம், 6,000 பவுண்ட். 2023 மார்ச்சில் ஓல்டு டிராஃபர்டில் எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் ஃபுல்ஹாமின் அலெக்சாண்டர் மிட்ரோவிச், நடுவர் கிறிஸ் கவானாவின் கையைப் பிடித்துத் தள்ளினார். 8 ஆட்டம், 75,000 பவுண்ட். கால் நூற்றாண்டில் தடை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, அபராதம் மட்டும் ஏறியிருக்கிறது. பிரீமியர் லீக் சம்பளத்தை நினைத்தால் அந்த ஏற்றத்துக்கும் பெரிய அர்த்தமில்லை.

ஆல்காக் விழுந்த விதம் வேறு ஒரு குழப்பம். தள்ளு வாங்கியவர் நாலைந்து அடி பின்னால் தடுமாறித் தடுமாறிப் போய்க் கடைசியில் உட்கார்ந்தே விட்டார். அந்தக் காட்சி இன்றுவரை சிரிப்பு வீடியோவாகச் சுற்றுகிறது. அவர் அப்படி விழாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் 11 ஆட்டம் வந்திருக்குமா? குழு விழுந்ததைப் பார்த்ததா, தள்ளியதைப் பார்த்ததா? கையைக் கட்டாத குழுவிடம் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்க முடியாது.

மிட்ரோவிச் விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. ஃபுல்ஹாம் அவர் அடித்த கோலில் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. கோல் கோட்டருகே சக வீரர் வில்லியன் கையில் பந்து பட்டது. நடுவர் வீடியோ மறுபார்வைக்கான வீஏஆர் திரையைப் பார்க்கப் போனார். போகிற வழியிலேயே பயிற்சியாளர் மார்கோ சில்வாவுக்குச் சிவப்பு. திரையைப் பார்த்துவிட்டு வந்து வில்லியனுக்குச் சிவப்பு. அடுத்து கையைப் பிடித்துத் தள்ளிய மிட்ரோவிச்சுக்கும் சிவப்பு. எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். ஆட்டம் 3-1 என்று எதிரணி மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போனது. அந்த 8 ஆட்டத்தைப் பிரித்தால் வெளியேற்றத்துக்கு 3, வன்முறை நடத்தைக்கு மேலும் 3, பேசிய பேச்சுக்கு 2.

சரி, இதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, மார்ச் 5 அன்று, ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 7-0 என்று யுனைட்டெட்டை நொறுக்கிய ஆட்டத்தில், யுனைட்டெட்டின் புரூனோ ஃபெர்னாண்டஸ் துணை நடுவரைக் கையால் தட்டியது டிவியில் தெரிந்தது. நடவடிக்கை எதுவுமில்லை. பூஜ்யம்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஃபெர்னாண்டஸ் செய்தது எரிச்சலில் ஒரு தட்டு, மிட்ரோவிச் செய்தது மூர்க்கம். ஆனால் எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் ஒன்றுமே இல்லையா? இல்லை என்பதுதான் பிரச்சினை. ‘நடுவர் மீது கை வைத்தார்’ என்று குற்றம் சாட்டினால் பெரிய தண்டனை வரும், அது இந்தத் தட்டுக்கு அதிகம், ஆகவே குற்றமே சாட்டாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு எளிதில் வந்துவிடும். சிறிய தப்புக்குச் சிறிய கதவு இல்லாத வீட்டில், ஆள் பெரிய கதவு வழியாகப் போவார், அல்லது போகவே மாட்டார்.

இந்த வழிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 அக்டோபரில் செல்சி – யுனைட்டெட் ஆட்டம் முடிந்ததும் ஜான் ஓபி மிக்கேல் நடுவர் மார்க் கிளாட்டன்பர்க்கின் அறைக்குள் போய் மிரட்டும் தொனியில் சத்தம் போட்டார். நடுவர் அறைக்குள் புகுந்து மிரட்டுவது சாதாரணமான விஷயம் இல்லை. ஆனால் வந்தது 3 ஆட்டம், 60,000 பவுண்ட். காரணம், நடுவர் தன்னை இனரீதியாக இழிவுபடுத்தினார் என்று சக வீரர் சொன்னதை நம்பித்தான் அவர் போனார். பிறகு அந்தப் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று எஃப்ஏ முடித்துவிட்டது. ஆனால் அந்த நொடியில் மிக்கேல் நம்பியது நம்பியதுதான். இதைக் கணக்கில் எடுக்க ஒரு குழுவால்தான் முடியும், அட்டவணையால் முடியாது. நான் கடைசியில் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து அதுவரை: ஸ்பெயின் வழி

ஸ்பெயினில் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழே ஒரு வரம்பு. குழு அந்த வரம்புக்குள் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும். இங்கிலாந்தைவிட ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் 4 முதல் 12 வரை என்பது ஒரு வரம்பா? ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

நடைமுறையில் இன்னொன்று நடக்கிறது. அந்தக் கீழ் எண் ஒரு காந்தம். பெரிய கிளப் வீரர் என்றால் 4-லேயே ஒட்டிக்கொள்ளும். ரொனால்டோவுக்கு 4. 2019 ஏப்ரலில் அதே காம்ப் நோவில் அட்லெடிகோ மாட்ரிட்டின் டியாகோ கோஸ்டா, நடுவர் ஹில் மன்சானோவை மோசமாகத் திட்டிச் சிவப்பு வாங்கினார். பிறகு சக வீரர்களுக்கு அட்டை காட்ட விடாமல் நடுவரின் கையைப் பிடித்துத் தடுத்தார். திட்டியதற்கு 4, கையைப் பிடித்ததற்கு 4, ஆக 8. அவருடைய சீசன் அத்தோடு முடிந்தது. கூர்ந்து பார்த்தால் இந்த இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று ஒத்துத்தான் போகின்றன: கை வைத்தால் 4, திட்டினால் 4, இரண்டும் செய்தால் கூட்டிக்கொள். ஸ்பெயின் குழுவுக்கு நான் கொடுக்கும் ஒரே நல்ல மதிப்பெண் இதற்குத்தான்.

அப்புறம் ரியல் மாட்ரிட்டின் ஜூட் பெல்லிங்காம். 2025 பிப்ரவரியில் ஒசாசுனா மைதானத்தில் நடுவர் முனுவேரா மொன்டேரோவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், நேராகச் சிவப்பு. நடுவர் தன் அறிக்கையில் அதை நேரடித் திட்டாகவே எழுதினார். தான் யாரையும் குறித்துச் சொல்லவில்லை, எரிச்சலில் வாய்விட்டது என்றார் பெல்லிங்காம். குழு அதை ‘அவமதிப்பு’ என்ற தலைப்பில் போடாமல் ‘மரியாதைக் குறைவு’ என்ற இளைய தலைப்பில் போட்டது. 2 ஆட்டம். அவமதிப்பு என்றிருந்தால் கோஸ்டாவைப்போல 4-லிருந்து தொடங்கியிருக்கும்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தடையில் ஒருமைப்பாடு இல்லை என்று எல்லோரும் எண்ணைப் பற்றியே பேசுகிறோம். 6 ஏன், 8 ஏன், 5 ஏன் என்று. எண் இரண்டாவது கட்டம். முதல் கட்டம், செயலை எந்தத் தலைப்புக்குள் போடுவது என்பது. அங்கே ஒருவருக்குச் சலுகை கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் எண்ணைச் சரியாகப் போட்டாலும் தப்புத்தான். தலைப்பை ஏன் தேர்ந்தோம் என்று குழு பொதுவெளியில் விளக்கமாக எழுதினால் ரசிகர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அடுத்த குழு அதற்குக் கட்டுப்பட வேண்டி வரும். ‘குறைந்தபட்சத்தில் நிறுத்தினோம்’ என்ற அளவில் முடித்துக்கொண்டால் யாருக்கும் எதற்கும் கட்டுப்பாடு இல்லை.

கீழே போகக்கூடாது: ஃபிஃபா வழி

ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகள் மேல்வரம்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, கீழ்வரம்பைத்தான் கட்டுகின்றன. நடுவரிடம் முறைகேடாக நடந்தால் குறைந்தது 4 ஆட்டம். நடுவரைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டம் அல்லது பொருத்தமான காலம். முன்பு இருந்த விதியில் தாக்குதலுக்குக் குறைந்தது ஆறு மாதம், துப்பினால் பன்னிரண்டு மாதம் என்று காலக்கணக்கில் இருந்தது. பிறகுதான் ஆட்டக்கணக்கு வந்தது.

தரை எண் வைப்பது எனக்குப் பிடித்த யோசனை. நட்சத்திர வீரர் என்பதற்காக ஒரு ஆட்டத்தோடு விட்டுவிட முடியாது. ஆனால் 4-க்கும் 15-க்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள். தாக்குதல் என்றால் முழங்கை, குத்து, உதை, கடி, துப்பல் என்று விதி வரிசையாகச் சொல்கிறது. மார்பில் கை வைத்துத் தள்ளுவது எதில் சேரும்? முறைகேடா, தாக்குதலா? டி கானியோவை இந்த விதியின் கீழ் நிறுத்தினால் 4 என்றும் வாதாடலாம், 15 என்றும் வாதாடலாம். மறுபடியும் தலைப்புப் பிரச்சினைதான்.

இன்னொரு சிக்கல், ஆதாரம். 2017 மார்ச் 23 அன்று சிலிக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தில் லியோனல் மெஸ்ஸி ஒரு துணை நடுவரைத் திட்டியதாக வீடியோவை வைத்து ஃபிஃபா 4 ஆட்டத் தடை போட்டது. களத்தில் அவருக்கு அட்டை எதுவும் இல்லை, நடுவரின் அறிக்கையிலும் அது இல்லை. தடை வந்தது எப்போது? அடுத்த ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது. மெஸ்ஸி இல்லாத அர்ஜென்டினா பொலிவியாவிடம் 2-0 என்று தோற்றது. மே மாதம் மேல்முறையீட்டுக் குழு ஆதாரம் போதவில்லை என்று மீதித் தடையை நீக்கியது. அவர் உட்கார்ந்த அந்த ஒரு ஆட்டத்தை யார் திருப்பித் தருவது? மேல்முறையீடு முடியும்வரை தடையை நிறுத்திவைத்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் எல்லாக் கிளப்பும் முக்கிய ஆட்டத்துக்காகவே மேல்முறையீடு போடும், இதுவும் உண்மை. என் பார்வையில், களத்தில் நடுவர் தானே அட்டை காட்டிய வழக்கில் தடை உடனே தொடங்கலாம். வீடியோவை மட்டும் வைத்துப் பிறகு தொடுக்கும் வழக்கில் மேல்முறையீடு முடிந்த பிறகே தொடங்க வேண்டும். இதில் பெரிய விவாதத்துக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை.

ஆட்டக்கணக்கா, நாள்கணக்கா

ரொனால்டோவின் 5 ஆட்டத் தடைக்குத் திரும்புவோம். 2017 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை ஓடிய தடை. அந்த இடைவெளியில் ஆகஸ்ட் 31 அன்று போர்ச்சுகலுக்காக ஃபாரோ தீவுகளுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். செப்டம்பர் 13 அன்று சாம்பியன்ஸ் லீகில் சைப்ரஸின் அபோயல் அணிக்கு எதிராக இரண்டு கோல். தடையில் இருந்த காலத்தில் ஐந்து கோல்! விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. உள்நாட்டுத் தடை பொதுவாகத் தேசிய அணியையும் ஐரோப்பியக் கோப்பையையும் தொடாது.

ரூடிகரின் கதை வேறு விதம். தீர்ப்பு வந்த அதே நாட்களில் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. எப்படியும் பல வாரம் ஆட முடியாது. லீகில் மிச்சம் இருந்தது 5 ஆட்டம். தடையில் பெரும்பகுதி அவர் கட்டிலில் கிடந்த காலத்திலேயே கழிந்துபோனது.

இதே தப்பை உள்ளூர்ப் பூங்கா மைதானத்தில் செய்பவருக்கு என்ன நடக்கிறது? இங்கிலாந்தின் அடித்தட்டுக் கால்பந்தில், அதாவது ஞாயிற்றுக்கிழமை லீக் போன்றவற்றில், எஃப்ஏவின் அளவுகோல் நாள்கணக்கு. நடுவரை மிரட்டினால் குறைந்தது 56 நாள். நடுவர் மீது கை வைத்தால், வைக்க முயன்றாலும்கூட, குறைந்தது 112 நாள். பரிந்துரைக்கும் அளவு 182 நாள். தாக்கினால் 5 ஆண்டு. மிட்ரோவிச் மார்ச் 19 அன்று சிவப்பு வாங்கி மே 13 அன்று சௌத்தாம்ப்டனுக்கு எதிராகத் திரும்பி வந்து கோலும் அடித்தார். எட்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறு ஆடும் பிளம்பர் அதே காரியத்தைச் செய்தால் அதைவிட இரண்டு மடங்கு காலம் உட்கார வேண்டும். அந்தப் பிளம்பர் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டதே டிவியில் மிட்ரோவிச் வகையறாவைப் பார்த்துத்தான் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

அடித்தட்டில் கடுமை தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே காவலர் இல்லை, கேமரா இல்லை, நடுவர் தனியாள். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தன் மகனின் அணிக்காகத் தொண்டாகக் கொடி பிடித்த ஒரு தந்தையை எதிரணிப் பையன்கள் அடித்து, அடுத்த நாளே அவர் இறந்துபோனார். அந்த வார இறுதியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்தினார்கள். எனக்கு உறுத்துவது கீழே கடுமை என்பதில்லை, மேலே தளர்வு என்பதுதான்.

அதற்காக நாள்கணக்கு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. மே மாதம் தப்பு செய்தவருக்குக் கோடை விடுமுறை பாதித் தடையைத் தின்றுவிடும். டிசம்பரில் செய்தவருக்கு ஆட்டம் நெருக்கமாக இருக்கும் காலம். 2025 மார்ச்சில் லியோன் பயிற்சியாளர் பாவ்லோ ஃபொன்செகா, நடுவர் பெனுவா மில்லோவின் முகத்தோடு முகம் வைத்துக் கத்தியதற்கு பிரெஞ்சு லீக் நவம்பர் 30 வரை தடை போட்டது. ஒன்பது மாதம் என்று தலைப்புச் செய்தி வந்தது. நடுவில் கோடை முழுவதும் ஆட்டமே கிடையாது. ஆனாலும் அது இங்கிலாந்தில் 2012-ல் துணை நடுவரை நிஜமாகவே தள்ளிய நியூகாசில் பயிற்சியாளர் ஆலன் பார்டியூ வாங்கிய 2 ஆட்டத்தோடு ஒப்பிட்டால் வேறு உலகம். இதே பார்டியூ 2014-ல் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதற்கு 7 ஆட்டம் வாங்கினார். நடுவரைத் தள்ளுவது வீரரை முட்டுவதைவிட மூன்றரை மடங்கு லேசு என்று ஒரு சிறுவன் இதிலிருந்து கணக்குப் போட்டால் அவனைத் திட்ட முடியாது.

களத்துக்குள்ளேயே முடிப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாய்ப்பேச்சு அளவிலான எதிர்ப்புக்குத் தடையைவிடக் களத்திலேயே பத்து நிமிடம் வெளியே உட்கார வைப்பது நன்றாக வேலை செய்கிறது. இங்கிலாந்து 2017 முதல் 31 லீகுகளில் சோதித்தபோது நடுவரோடு வாதாடுவது 38% குறைந்தது. 2019-20 சீசனிலிருந்து அடித்தட்டு முழுவதும் வந்துவிட்டது. யூரோ 2024-ல் கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம் என்று வைத்தார்கள். ஆளாளுக்குச் சுற்றி வளைத்துக் கத்தும் காட்சி கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. உடனே வலிக்கும் தண்டனை, யாராக இருந்தாலும் ஒரே அளவு, குழுவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஆனால் இது பேச்சுக்கு மட்டும். கை வைத்தவரைப் பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடி உள்ளே விடுவதை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஸ்பெயினிடமிருந்து தலைப்புகளை எடுத்துக்கொள்வேன், வரம்புகளைத் தூக்கிப் போடுவேன். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே எண். மரியாதைக் குறைவு 2. அவமதிப்பு 4. பலமில்லாமல் தொடுவது, தட்டுவது 2. தள்ளுவது, பிடித்து இழுப்பது, எதையாவது எறிவது (படுகிறதோ இல்லையோ) 8. தாக்குதல் என்றால் ஃபிஃபாவின் 15, அல்லது அதற்குச் சமமான காலம், இரண்டில் எது நீளமோ அது. இரண்டு செயல் செய்தால் கூட்டல். குழுவுக்கு இரண்டே வேலை: எந்தத் தலைப்பு என்று முடிவு செய்வது, ஏன் என்று பொதுவெளியில் எழுதுவது. மன்னிப்புக் கேட்டார், நல்ல பையன், இதுவே முதல் தடவை என்பதற்கெல்லாம் கழிவு கிடையாது. மிக்கேல் வழக்கு மாதிரி, தனக்குப் பெரிய அநியாயம் நடந்ததாக உண்மையாகவே நம்பிய இடத்தில் மட்டும் பாதிவரை குறைக்கலாம்.

எட்டுக்கு மேல் போனால் அது எல்லாப் போட்டிக்கும் பொருந்த வேண்டும், தேசிய அணி உட்பட. கிளப்புகளும் தேசிய சங்கங்களும் இதை லேசில் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். காயத்தில் இருக்கும் வீரருக்கு அவர் ஆடத் தயார் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்துதான் தடை எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்பதும் என் ஆசை. ஆனால் கிளப் மருத்துவர் எழுதும் சான்றிதழை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்தால், இதை விதியாக எழுதத் தயக்கமாக இருக்கிறது. விட்டுவிடலாம்.

பழைய வழக்குகளை இதில் போட்டுப் பார்த்தால் ரொனால்டோவுக்கு 4-க்குப் பதில் 8. கோஸ்டாவுக்கு 8-க்குப் பதில் 12. ரூடிகருக்கு 6-க்குப் பதில் 8. மிட்ரோவிச்சின் பேச்சு அவமதிப்பு என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் 12. ஃபெர்னாண்டஸுக்கு பூஜ்யத்துக்குப் பதில் 2. அந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியம். 2 என்று ஒரு சின்னக் கதவு திறந்திருந்தால் எஃப்ஏ அவரை அதன் வழியாக அனுப்பியிருக்கும், மிட்ரோவிச் ரசிகர்கள் கேட்ட ‘அவருக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை’ என்ற கேள்வியில் பாதி அடங்கியிருக்கும்.

எதிர்வாதம் உண்டு. ஒரே எண் என்றால் குழு இரக்கப்படும்போதெல்லாம் தலைப்பைக் கீழே இறக்கிவிடும், தள்ளியதைத் தட்டியது என்று எழுதும். நடக்கும்தான். ஆனால் நிஜமாக நடந்ததை நாடு முழுக்க வீடியோவில் பார்த்திருக்கும். 4-க்கும் 12-க்கும் நடுவில் ஏன் 6 என்று யாராலும் சோதிக்க முடியாது. அது தள்ளலா, தட்டலா என்பதை யாரும் சோதிக்கலாம்.

நடுவர்கள் பக்கமும் இதே அட்டவணை ஓட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் லிவர்பூல் – ஆர்சனல் ஆட்டத்தின் இடைவேளையில் துணை நடுவர் கான்ஸ்டன்டைன் ஹட்ஸிடாக்கிஸின் முழங்கை லிவர்பூல் வீரர் ஆண்டி ராபர்ட்சன் மேல் பட்டது. ராபர்ட்சனிடம் நடுவர் மன்னிப்புக் கேட்டார், எஃப்ஏ நடவடிக்கை எடுக்கவில்லை. மிட்ரோவிச் தடை வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம். நியாயமான கேள்விதான். இதற்கும் காரணத்தை விரிவாக எழுதி வெளியிட்டிருந்தால் வாய் அடைத்திருக்கும்.

இந்த முறையாலும் தீர்க்க முடியாமல் நிற்பது பெல்லிங்காம் வழக்கு மட்டும். அவர் சொன்னது நடுவரைப் பார்த்தா, காற்றைப் பார்த்தா என்பது 2-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம், அதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஒலிப்பதிவுதான் சொல்லும். 2025 கிளப் உலகக்கோப்பையில் நடுவர்கள் கேமரா மாட்டிக்கொண்டு ஆட்டம் நடத்தினார்கள், முக்கியமாக ஒளிபரப்புக்காக. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, மிடில்ஸ்பரோ பகுதியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தும் உள்ளூர் நடுவர்களுக்கு எஃப்ஏ மார்பில் கேமரா மாட்டிவிட்டிருந்தது. அவர்கள் கேட்டது ஒளிபரப்புக்காக இல்லை, தங்கள் பாதுகாப்புக்காக. ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லிகாவின் நடுவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒன்றை வாங்கிக் கொடுக்க ஆகும் செலவு ஒரு நட்சத்திர வீரரின் ஒரு வாரச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.